பன்னிரண்டுக்குப் பத்து

தலை, தலை! குனிஞ்சு வாங்க…

அடடா. சொல்லி வாய மூடல, இடிச்சுக்கிட்டீங்க. நல்லாத் தேச்சு விடுங்க, வீங்காது. மொதத் தடவ வர்றவங்க எல்லாரும் இடிச்சுக்கறதுதான். நிலைய ஆறேகால் அடிக்கு வைப்போம்னுதான் மேஸ்திரி சொன்னாரு. அஞ்சரை போதும்னு நான் சொல்லிட்டேன். நான் அஞ்சடி ஒரு அங்குலம். எனக்கு எதுக்கு ஆறேகால் அடி வாசல்? குளிருதான் உள்ள வரும்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அது நான் உக்காருறது. இந்தப் பெட்டி மேல உக்காருங்க. சந்தியாகு மேஸ்திரி அனுப்பினாரா? அதானே பாத்தேன். சிறுமலையில சின்ன வீடு கட்டணும்னு யாரு வந்தாலும் இங்கதான் அனுப்பி வைப்பாரு. யாரு, நீங்களும் உங்க அக்காவுமா? நல்லது. அக்கா வரலையா? பரவால்ல, ஒருத்தர் பாத்து முடிவு பண்ணாப் போதும். ரெண்டு பேரு பேசிக்கிட்டிருந்தா சுவரே எழும்பாது.

பாருங்க, நல்லாப் பாருங்க. பன்னிரண்டுக்குப் பத்து. அவ்வளவுதான் வீடு. கீழ ரெண்டடிக்குக் கருங்கல், அதுக்கு மேல சில்வர் ஓக் பலகை, கூரைக்குத் தகரம். அடுப்பு அந்த மூலை. கிழக்க ஒரே சன்னல். படுக்கை மேல, பரண்ல. ஏணியில ஒன்பது படி. கக்கூஸும் குளிக்கிற எடமும் வெளிய, இருபது எட்டு. காட்டுமாடு நிக்குதான்னு பாத்துட்டுப் போகணும், வேற தொந்தரவு கெடையாது.

எல்லாம் நான் போட்ட பிளான். கணக்கு நோட்டுல ஸ்கேல் வச்சுப் போட்டேன். நான் இஞ்சினியர் இல்லீங்க. திண்டுக்கல்ல ஒரு பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல முப்பத்தோரு வருஷம் பி.டி. டீச்சர். அமலோற்பவம் டீச்சர்னா எவளுக்கும் தெரியாது, விசில் டீச்சர்னு கேளுங்க, இன்னைக்கும் நெஞ்ச நிமித்தி நிப்பாளுங்க.

படம் எடுத்துக்குங்க, தாராளமா எடுத்துக்குங்க. ஆனா கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணக் கேட்டுட்டுப் போங்க. கல்லும் மரமும் நம்மள ஏமாத்தாது. ஈரத்துல பலகை உப்பும், வெயில்ல சுருங்கும், அது அதோட கொணம், முன்னாடியே தெரியும். மனுஷங்க அப்படி இல்ல.

இது ரெண்டு பேருக்குன்னு கட்டின வீடு. ஆமாங்க. எனக்கும் சௌந்தரத்துக்கும்.

சௌந்தரம் எங்க பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர். வேலைக்கு வந்தப்ப அவளுக்கு இருபத்தொம்பது வயசு. புருஷன் லாரியில அடிபட்டுப் போயி எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. புள்ள குட்டி இல்ல. மொத நாள் ஸ்டாஃப் ரூம்ல ஒரு ஓரமா நிக்கிறா. நல்ல ஒசரம், அந்த ஒசரத்த என்ன செய்யறதுன்னு தெரியாம தோளக் குறுக்கிக்கிட்டு நிக்கிறா. “எங்க தங்கியிருக்க?”ன்னு கேட்டேன். “இன்னும் எடம் பாக்கல டீச்சர்”னா. “பாக்க வேண்டாம், எங்கூட வா”ன்னேன். சாயங்காலமே அவ பெட்டிய ரிக்சாவுல ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டேன். அவ வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. அவ அப்படித்தான். வாய் தெறக்க மாட்டா. நாமதான் புரிஞ்சுக்கணும்.

அதுலருந்து இருபத்தாறு வருஷம் ஒரே வீடு. ஒரு தடவ அவ புருஷன் வீட்டு ஆளுங்க, கொழுந்தனும் இன்னும் ரெண்டு பேரும், அவ நகையக் கேட்டு வந்து வாசல்ல நின்னு கத்துறாங்க. இவ உள்ள கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறா. நான் ஹாக்கி மட்டைய எடுத்துக்கிட்டு வாசப்படியில உக்காந்துட்டேன். பேசவே இல்ல. மட்டைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன், அவ்வளவுதான். அரை மணி நேரத்துல போயிட்டாங்க, அப்புறம் வரவே இல்ல. அவளுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நாப்பது நாளு பத்தியம் வடிச்சுக் கொட்டினது யாரு? நான்தான். அவளுக்குப் புடவை எடுக்கறது நானு. எந்தச் சினிமாவுக்குப் போகணும்னு சொல்றது நானு. ஒண்ணுத்துக்கும் அவ தலையப் போட்டு ஒடச்சுக்க வேண்டியதில்ல. அப்படிப் பாத்துக்கிட்டேன்.

அவ்வளவு வருஷத்துலயும் என்ன அவ பேர் சொன்னதில்ல பாருங்க. அக்கான்னும் சொன்னதில்ல. டீச்சர், டீச்சர்தான். அவ்வளவு மரியாத.

ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கறப்ப போன்ல ஒரு படம் பாத்தேன். வெளிநாட்டுல ஒரு பொம்பள, என் வயசு இருக்கும், காட்டுக்குள்ள தீப்பெட்டியாட்டம் ஒரு மர வீடு. ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கட்டில். அவ மூஞ்சியில ஒரு நிம்மதி. எனக்குள்ள என்னமோ பத்திக்கிச்சு. அன்னைக்கே சௌந்தரத்துக்கிட்ட சொல்லிட்டேன், நாம மலையில போயி இது மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டு இருந்துருவோம்னு. அவ படத்தப் பாத்துட்டு, “அழகா இருக்கு டீச்சர். அவங்க ஒருத்தருதான் இருக்காங்களா?”ன்னு கேட்டா. ஆமான்னேன். “ம்”னா. சம்மதம்தானே அது? நீங்களே சொல்லுங்க.

எடம் வாங்கியாச்சு. வருஷம் ஒண்ணரை, சனி ஞாயிறு ஆனா பஸ் ஏறி பதினெட்டு வளைவையும் சுத்தி வந்து நின்னு கட்டினோம். அவளுக்கு வளைவுல வாந்தி வரும். ஒரு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே வருவா. வராம மட்டும் இருந்ததில்ல.

சந்தியாகு நல்ல வேலைக்காரரு. ஆனா பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி. மூணு நாளைக்கு ஒருக்கா ஏதாவது சொல்லுவாரு. “டீச்சரம்மா, நிலை தாழ்வா இருக்கும்போல. தையல் டீச்சர் ஒசரமாச்சே?” அப்படின்னாரு ஒரு நா. நான் அவளப் பாத்தேன். “நீ என்ன சொல்ற?” “குனிஞ்சுக்குவேன் டீச்சர்”னா. பாத்தீங்களா? அவளே சொல்லிட்டா.

பரண் வேலை நடக்கறப்ப இவ ஏணியப் புடிச்சுக்கிட்டு மேலேயே பாத்துக்கிட்டு நிக்கிறா. “என்ன?”ன்னேன். “முட்டி கொஞ்சம் வலிக்குது டீச்சர். கீழ ஒரு கட்டில் போட எடம் வருமா?”ன்னா. நான் பி.டி. டீச்சர் இல்லையா? எனக்குத் தெரியாத முட்டியா? ஏறி எறங்கினாத்தான் முட்டிக்கு நல்லது, உக்காந்தா துருப்புடிச்சுரும்னேன். இந்தப் பக்கம் கட்டில் போட்டா நடக்க எடம் எங்க இருக்குன்னு சாக்பீஸால தரையில வரைஞ்சே காட்டினேன். அவ கோட்டப் பாத்தா. “சரி டீச்சர்”னா. சன்னலுக்கும் அப்படித்தான். தெற்க ஒண்ணு இருந்தா ரோடு தெரியும், ஆளு போறது வர்றது தெரியும்னா. ஆளப் பாக்கறதுக்கா மலைக்கு வர்றோம்? கிழக்க வச்சேன். சூரியன் வரும். நீங்க காலையில வந்திருக்கணும், பொன்னக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கும்.

இவ்வளவும் அவளுக்காகவுந்தான் பாத்துப் பாத்துச் செஞ்சேன்.

அப்புறம் சாமான். சின்ன வீடுன்னா என்னங்க அர்த்தம்? தேவைக்கு மேல ஒரு துரும்பு உள்ள வரக்கூடாது. ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டின்னு சட்டம் போட்டேன். அந்த ஷெல்ஃப்ல இருக்கிற கப்பெல்லாம் பாக்குறீங்களா? பதினாலு. மாவட்ட அளவுல ஜெயிச்சது, மாநில அளவுல மூணு. அது சாமான் இல்லீங்க, அது என் வாழ்க்கை. அதக் கணக்குல சேக்க முடியாது.

அவகிட்ட ஒரு தையல் மிஷின் இருந்துச்சு. பழைய கால் மிஷின், இரும்பு ஸ்டாண்டோட. புருஷன் கல்யாணத்தப்ப வாங்கிக் குடுத்தது. என்ன கனம்ங்கறீங்க! வெள்ளையடிக்க நகத்தறதுன்னாக் கூட நாலு பேரு தூக்கணும். அத எங்க கொண்டாந்து இங்க வைக்கறது? அவகிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவா. சொல்லாமச் செஞ்சா ஒரு நாளு கஷ்டத்தோட போயிரும். அந்தச் சமயம் பாத்து ராஜபாளையத்துல அவ அண்ணன் தவறிப்போனாரு. அவ காரியத்துக்குப் போயி பதினாறு நாளு இருந்துட்டு வந்தா. அதுக்குள்ள நான் மிஷினப் பள்ளிக்கூடத்துக்கே குடுத்துட்டேன். ஏழப் புள்ளைங்க கத்துக்குமே. ஹெச்.எம். அவ பேருல நன்றின்னு ஒரு கடுதாசி கூடக் குடுத்தாங்க.

திரும்பி வந்தா. மிஷின் இருந்த எடத்தப் பாத்தா. தரையில அந்த நாலு காலு நின்ன தடம் இருக்குமில்ல, அதையே பாத்துக்கிட்டு நின்னா. நான் கடுதாசியக் குடுத்தேன். படிச்சா. மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டா.

“நல்லதுதானே?”ன்னேன்.

“நல்லது டீச்சர்”னா.

அழுகல. சண்ட போடல. மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசுறவள எப்படிங்க கண்டுபுடிக்கறது?

நான் ரிட்டயர் ஆனேன், அவளும் வேலைய எழுதிக் குடுத்துட்டா, போன ஆவணியில குடி வந்தோம். பால் காய்ச்சினோம். பங்குச்சாமி வந்து வீட்ட மந்திரிச்சாரு, அவளும் மூலையில ஒரு முருகன் படம் வச்சுக்கிட்டா. நான் ஒண்ணும் சொல்லல, படம் சின்னப் படம்தான்.

மொத மாசம் சொர்க்கம். ரெண்டு பேரும் மௌனமா உக்காந்து காப்பி குடிப்போம். நான் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து மூச்சுப் பயிற்சி செய்வேன், அவளையும் எழுப்பி விடுவேன். ஏழு மணிக்குத் தோட்டம். பத்து மணிக்குக் கஞ்சி. எல்லாம் நேரப்படி.

ஐப்பசியில மழ புடிச்சுச்சு பாருங்க. மழைன்னா நீங்க மதுரையில பாக்கற மழ இல்ல. விடாம பத்து நாளு, பன்னெண்டு நாளு. தகரத்துல விழுந்தா பக்கத்துல இருக்கிறவ பேசறது கேக்காது. வெளிய போனா அட்டை காலுல ஏறிக்கும். கக்கூஸுக்குப் போகக் கொடையும் கம்பும். அவ முட்டி வீங்கிருச்சு. ஏணியில ரெண்டு காலையும் ஒரே படியில வச்சு வச்சு ஏறுவா. அப்புறம் ஏறறதையே விட்டுட்டா. எம் பெட்டி மேலதான், நீங்க உக்காந்திருக்கீங்களே இது மேலயே சுவத்துல சாஞ்சுக்கிட்டுத் தூங்க ஆரம்பிச்சா. “மேல வா”ன்னா, “இங்க கதகதப்பா இருக்கு டீச்சர், அடுப்புப் பக்கத்துல”ம்பா. சரி, அவ இஷ்டம்னு விட்டேன். பாருங்க, நான் எதையும் கட்டாயப்படுத்தறவ இல்ல.

மழ விட்ட அப்புறம் அவகிட்ட ஒரு மாத்தம். கஞ்சி குடிச்சதும் கெளம்பிருவா. “கடைக்குப் போயிட்டு வர்றேன் டீச்சர்.” கடைக்குப் போனா மூணு மணி நேரம். மறுநாள், “கோயிலுக்கு.” அதுக்கு மறுநாள், “சும்மா நடந்துட்டு வர்றேன்.” எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நடந்தா முட்டி சரியாப் போயிரும்னு நான் சொன்னது நடக்குதேன்னு. திரும்பி வர்றப்ப மூஞ்சி தெளிஞ்சிருக்கும். சேலை முந்தியில செமண்ணு, ஒரு நாளு மரத்தூளு கூட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் தட்டி விட்டேன். என் கையாலயே தட்டி விட்டேங்க!

டீக்கடைக்காரன், பஸ் கண்டக்டர், பால்காரம்மா எல்லாரும் என்னப் பாத்தா ஒரு மாதிரி பேச்ச நிறுத்துவாங்க. என்ன மரியாதன்னு நெனச்சேன்.

மார்கழி பொறக்க நாலஞ்சு நாள் இருக்கும். கூரையில ஒரு எடம் ஒழுக ஆரம்பிச்சுச்சு. மேஸ்திரியக் கூப்புடலாம்னு அவரு வீட்டுக்குப் போனேன். அவரு சம்சாரம் அந்தோணியம்மா மொளகு காய வச்சுக்கிட்டு இருக்கு.

“சந்தியாகு இல்லையா?”

“வேலைக்குப் போயிருக்காரே டீச்சரம்மா.”

“எங்க?”

“உங்க வீட்டு வேலைக்குத்தான்.”

“எங்க வீட்டுலயா? நான் அங்கருந்துதானே வர்றேன்? அங்க யாரும் வரலையே.”

அது சிரிச்சுக்கிட்டே, “அந்த வீடு இல்ல டீச்சரம்மா, புது வீடு. தையல் டீச்சர் வீடு. இன்னைக்குக் கூரை போடறாங்கல்ல?”ன்னுச்சு. சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு. பாத்ததும் அது கையில இருந்த மொறம் அப்படியே நின்னுருச்சு. “ஐயோ, உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாதா. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது.

எங்கன்னு கேட்டேன். பஸ் நிக்கிற எடத்துலருந்து கீழ, வாழத் தோட்டத்துக்குப் பக்கத்துல. நடந்தேன். நடந்தேனா, ஓடினேனான்னு தெரியாது. தூரத்துலயே தெரிஞ்சுது. நம்ம வீட்டு அளவேதான் அச்சு அசலா. பன்னிரண்டுக்குப் பத்து. அதே கருங்கல்லு, அதே சில்வர் ஓக்கு. ஆனா வாசல் ஒசரம். ரோட்டப் பாத்து பெரிய சன்னல், நாலடி இருக்கும். பரண் இல்ல. கீழயே செவுரோட சேத்துக் கட்டில். பின்னால ஒட்டினாப்புல கக்கூஸ், படியே இல்லாம. சன்னலுக்கு அடியில ஒரு மேடை, அதுல ஒரு புது தையல் மிஷின், பாலிதீன் பையக் கூடப் பிரிக்கல.

மேஸ்திரி கூரை மேல. கீழ சௌந்தரமும் ஊருப் பொம்பளைங்க மூணு பேரும். எவளோ என்னமோ சொல்ல, இவ தலையப் பின்னால சாச்சு வாய்விட்டுச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்ப நான் கேட்டதே இல்லீங்க. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டுல இருந்துருக்கேன். யாரோ வேற பொம்பள சிரிக்கிற மாதிரி இருந்துச்சு.

என்னப் பாத்தா. சிரிப்பு நின்னுருச்சு. தோளு மறுபடியும் குறுகிருச்சு. பொம்பளைங்க ஒவ்வொருத்தியா நழுவிட்டாளுங்க. மேல சுத்தியல் சத்தமும் நின்னுச்சு.

“யாரு வீடு இது?”ன்னேன்.

“என் வீடு டீச்சர். அண்ணன் போனப்புறம் எங்க அப்பா சொத்துல பங்கு வந்துச்சு.”

“எத்தன நாளா நடக்குது?”

“ஒண்ணரை மாசமா டீச்சர்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

தலையக் குனிஞ்சு நின்னா. அப்புறம் நிமிந்து என் கண்ணப் பாத்தா. அப்படி அவ பாத்ததே இல்ல. “சொன்னேனே டீச்சர்”னா.

“எப்பச் சொன்ன? பொய் சொல்லாத. எப்பச் சொன்ன?”

“நிலை வச்சப்பச் சொன்னேன். பரண் கட்டினப்பச் சொன்னேன். சன்னலுக்குச் சொன்னேன். மிஷின் போனப்ப மட்டும் சொல்லல. அப்பதான் டீச்சர், இனிமே சொல்ல வேண்டாம்னு தோணுச்சு.”

எப்படி இருக்கும் எனக்கு? யாருக்காக வாசல்ல மட்டைய வச்சுக்கிட்டு உக்காந்தேனோ அவ சொல்றா. நாப்பது நாளு யாருக்குப் பத்தியம் வடிச்சேனோ அவ சொல்றா. நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன்னு இப்ப ஞாபகம் இல்ல. நன்றி கெட்டவளேன்னேன். எம் பிளானத் திருடிட்டன்னேன். பன்னிரண்டுக்குப் பத்து என்னோடது, அந்தக் கல்லு வரிசை என்னோடது, எல்லாம் நான் ராத்திரி பகலா யோசிச்சது. அவ ஒண்ணும் மறுக்கல. “ஆமா டீச்சர், உங்ககிட்டருந்து கத்துக்கிட்டதுதான். சின்ன வீடு போதும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அதுல நான் நிக்க எடம் இருந்தா அங்கேயே இருந்திருப்பேன்”னா.

மேஸ்திரியப் பாத்து, “நீயுமாய்யா?”ன்னேன். அவரு கூரை மேலருந்தே, “வேலை குடுத்தாங்க, செய்யறேன் டீச்சரம்மா”ன்னு சொல்லிட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு.

மறுநாள் அவ பெட்டிய எடுத்துக்கிட்டுப் போனா. முருகன் படத்தையும் எடுத்துக்கிட்டா. அந்த எடத்துல ஆணி மட்டும் இருக்கு, பாருங்க. வாசல்ல குனிஞ்சு வெளிய போயி நிமிந்து நின்னா. “நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க டீச்சர்”னா. பால் காய்ச்சறதுக்கு ஆளு விட்டுக் கூப்புட்டா, போகல. கிறிஸ்மஸுக்கு முறுக்கு சுட்டு அந்தோணியம்மாகிட்டக் குடுத்து விட்டா, திருப்பி அனுப்பிட்டேன். வழியில எதுக்க வந்தா பாதையவிட்டு எறங்கிக் காப்பிச் செடிக்குள்ள போயிருவேன். அஞ்சு மாசம். அஞ்சு மாசம் இந்த வீட்டுல என் கொரல நானே கேக்கல. தப்பு யாரு பண்ணாங்களோ அவங்க ஊரு நடுவுல சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. நான் இங்க.

இருங்க, மழ வருமாட்டம் இருக்கு, சன்னலச் சாத்திடறேன். ஆங்.

சித்திரையில ஒரு நாளு அந்தோணியம்மா ஓடியாந்துச்சு. “தையல் டீச்சருக்குக் காய்ச்சல், மூணு நாளா எந்திரிக்கல, கஞ்சி கூட எறங்கல”ன்னு. நான் யோசிக்கவே இல்லீங்க. விசில் அடிச்சா ஓடற மாதிரி ஓடினேன். கோபம் எங்க போச்சுன்னே தெரியல. போய்ப் பாத்தா வாழத்தண்டு மாதிரிக் கெடக்குறா. நெத்தியில கை வச்சேன், கொதிக்குது. கண்ணத் தெறந்து, “டீச்சர்…”னா. “ஒண்ணும் பேசாத”ன்னேன்.

கீழருந்து டாக்டரக் கூட்டிட்டு வரச் சொன்னேன். ஈரத்துணி போட்டேன். ரசம் வச்சேன், கஞ்சி வடிச்சேன், துணி தொவச்சேன். அஞ்சு நாளு. அவ கட்டிலுக்குக் கீழ தரையில பாய் போட்டுப் படுத்தேன். உள்ளதச் சொல்லணும்ல, அந்த வீட்டுல நல்லாத் தூங்கினேன். ஏணி ஏறாமப் படுக்கறதும், கக்கூஸ் பக்கத்துலயே இருக்கறதும்… வயசாகுதில்ல. சன்னல் வழியா பஸ் போறது தெரியும், கண்டக்டரு கூட கை காட்டுவாரு. காலையில படுத்துக்கிட்டே நெனச்சேன், சரி, போகட்டும், மன்னிச்சுருவோம், ரெண்டு பேருக்கும் இங்கயே எடம் போதும், அந்தக் கட்டில இப்படித் திருப்பிப் போட்டா இன்னொரு கட்டிலும் போடலாம்னு. மனசுக்குள்ள அளந்துகூடப் பாத்துட்டேன்.

அவ தூங்கறப்ப சும்மா இருப்பானேன்னு சமையல் மேடைய ஒழுங்கு பண்ணினேன். எப்படி வச்சிருந்தா தெரியுமா? உப்பு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். காப்பித்தூள் அடியில, அரிசி மேல. ஒரு முறை கெடையாது. எல்லா டப்பாவையும் எறக்கித் தொடச்சு, ஒசர வாரியா வரிசையா அடுக்கினேன். நூல்கண்டெல்லாம் மிஷின் மேடையில செதறிக் கெடந்துச்சு, அதையும் எடுத்து ஒரு டப்பாவுல போட்டு மேல வச்சேன். மிஷினக் கொஞ்சம் நகத்தி வச்சேன், நடக்க எடம் வேணும்ல?

ஆறாம் நாளு காய்ச்சல் விட்டுருச்சு. எந்திரிச்சுச் செவுரப் புடிச்சுக்கிட்டு வந்தா. மொகம் கழுவினா. சமையல் மேடையப் பாத்தா. நான் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கேன், என்ன சொல்லுவான்னு.

உப்பு டப்பாவ எடுத்து அது பழைய எடத்துல வச்சா. நின்னு மூச்சு வாங்கினா. புளிய எடுத்து வச்சா. அரிசிய ரெண்டு கையாலயும் சேத்துத் தூக்கறா. நான் எந்திரிச்சுப் போயி, “குடு, நான் வைக்கறேன்”னேன். “இல்ல டீச்சர், நானே வச்சுக்கறேன்”னா. கோபமாச் சொல்லலீங்க. மெதுவாத்தான் சொன்னா. காப்பித்தூள், பருப்பு, மொளகாய்ப்பொடி… ஒவ்வொண்ணா. அப்புறம் நூல்கண்டெல்லாம். அப்புறம் மிஷின் கிட்டப் போயி, ஒடம்புல தெம்பே இல்லாம, வயித்தால முட்டுக் குடுத்து அத நகத்தறா. அந்த வீட்டுல அந்த நேரம் எனக்கு எங்க நிக்கறதுன்னே தெரியலீங்க. இங்க நின்னா அவ கைக்குக் குறுக்க. அங்க நின்னா கட்டிலுக்குக் குறுக்க.

அப்புறம் அவளே காப்பி போட்டா. ரெண்டு டம்ளர். ரெண்டு பேரும் சன்னலோரம் உக்காந்து குடிச்சோம். என் பையி வாசல்கிட்ட இருந்துச்சு. ‘இருங்க டீச்சர், இங்கயே இருங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லுவான்னு காப்பிய ஊதி ஊதி ஆற வச்சுக் குடிச்சேன். அவ டம்ளரக் கழுவி வச்சா. என் கையப் புடிச்சா. இருபத்தாறு வருஷத்துல அவளா என் கையப் புடிச்சது அதுதான் மொதத் தடவ. “நீங்க வரலைன்னா நான் பொழச்சிருக்க மாட்டேன்”னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் காத்துக்கிட்டு இருந்தேன். கைய விட்டுட்டு, “மழைக்கு முன்னாடி போயிருங்க டீச்சர், பாத வழுக்கும்”னா.

வந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போறேன். பூசை முடிஞ்சு வர்ற வழிதானே. அரை மணி நேரம் உக்காருவேன். அவ எனக்கு ஒரு ரவிக்க தச்சுக் குடுத்தா, நல்லாத்தான் இருக்கு. ஒண்ணையும் தொட மாட்டேன், கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டு வருவேன். இதுக்கு மேல நான் என்னங்க செய்யணும்? இத்தன வருஷம் செஞ்சவளுக்கு அரை மணி நேரம். நீங்களே சொல்லுங்க, இது துரோகம் இல்லாம என்ன?

கெளம்பிட்டீங்களா? இன்னும் ஏணியில ஏறிப் பாக்கலையே. பரவால்ல. தெரியும், அடுத்து அவ வீட்டுக்குத்தான் போறீங்க. அந்த மேஸ்திரி ரெண்டையும் பாத்துட்டு வாங்கன்னுதான் சொல்லி விட்டிருப்பாரு, வர்றவங்க எல்லாருக்கும் அதத்தான் சொல்றாரு. பாருங்க. ரெண்டும் ஒரே அளவுதான். கட்டறதுக்கு முன்னாடி உங்க அக்காவ வேணும்னா ஒரு தடவ கூட்டிட்டு வந்து காட்டுங்க. உங்களுக்குச் சரின்னு பட்டாலும்.

அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லலன்னு சொல்லுங்க. எப்படி இருக்காங்கன்னு அவ கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லுங்க.

கேக்கலைன்னாலும் சொல்லுங்க.